முதல் வீடு என்ற சத்தியம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற வழக்கறிஞர் அலுவலகத்தில் பதினேழு ஆண்டுகளாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். வீடு வாங்குகிறவர்களின் ஒப்பந்தங்களைத் தயார் செய்வதும், எந்தெந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டுவதும் என் வேலை.

முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு தாள் கூடுதலாக உண்டு. அது சத்தியப் பிரமாணம். வீட்டின் விலை ஒரு அளவைத் தாண்டாமல், அது அவர்களுடைய முதல் வீடாகவும் இருந்தால் அரசாங்கம் முத்திரை வரியை விட்டுக்கொடுக்கிறது. அதற்காக அவர்கள் சொல்ல வேண்டியது இதுதான்: இதுவரை எந்தக் குடியிருப்பு வீடும் என் பெயரில் இருந்ததில்லை, நான் வாங்கியதும் இல்லை, வாரிசாகவோ அன்பளிப்பாகவோ எனக்கு வந்ததும் இல்லை. மலாயில் அச்சடித்திருப்பதை நான் தமிழில் சொல்லி விளக்குவேன். பலர் மடமடவென்று தலையாட்டுவார்கள். 'வாரிசாகவோ' என்ற இடத்தில் சிலர் மட்டும் கொஞ்சம் நிற்பார்கள். ஏன் நிற்கிறார்கள் என்று நான் யோசித்ததே கிடையாது.

இந்தச் சலுகைக்கு எப்போதும் ஒரு கடைசித் தேதி இருக்கும். அது நெருங்க நெருங்க எங்கள் தொலைபேசி ஓயாது. பிறகு வரவு செலவுத் திட்டத்தில் நீட்டித்துவிட்டோம் என்பார்கள். எல்லோரும் மூச்சு விடுவார்கள். நீட்டிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு தடவையும் பயம் மட்டும் புதிதாக வரும்.

என் முதலாளியம்மாவுக்கு இந்தச் சலுகை பிடிக்காது. அறுபது வயதைத் தாண்டியவர். எங்கள் எல்லோருக்கும் மேடம். "அரசாங்கம் இந்தக் கையில குடுக்குது, டெவலப்பர் விலைய ஏத்தி அந்தக் கையில வாங்கிக்கிறான். நடுவுல வாங்கறவனுக்கு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்" என்பார். என் கணவர் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மேடம் சொன்னதை அவரிடம் சொன்னால், "அவங்களுக்கு பங்சார்ல பெரிய வீடு இருக்கு லா, அவங்க பேசலாம்" என்பார்.

நாங்கள் கிள்ளானில் பதினோரு ஆண்டுகள் வாடகைக்கு இருந்தோம். பதினோராவது ஆண்டின் தொடக்கத்தில், கட்டி முடித்து விற்காமல் கிடந்த ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். பன்னிரண்டாவது மாடி, மூன்று அறைகள். சலுகை அந்த டிசம்பரோடு முடிவதாக இருந்தது. "வருஷம் முடியறதுக்குள்ள கையெழுத்துப் போட்டுடணும்" என்றார் கணவர். முத்திரை வரியும் சேர்ந்தால் எங்களால் முடியாது என்று இருவருக்கும் தெரியும். நாங்கள் கணக்குக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை.

மார்ச்சில் அப்பா இறந்தார். அவர் லாரி ஓட்டியவர். கடைசி நான்கு ஆண்டுகள் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அம்மா அப்பாவின் வீடு செந்தூல் ஃப்ளாட்டில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. சிகிச்சை முடிந்து ஏறி வரும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தம்பி என்னை அழைத்தபோது எனக்கு எதிரே ஒரு இளம் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குச் சத்தியப் பிரமாணத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். தம்பி சொன்னதைக் கேட்டு "சரி, வரேன்" என்றேன். மீதியைப் படித்தேன். அவர்களிடம் கையெழுத்து வாங்கினேன், அடையாள அட்டை நகல் எடுத்துக்கொண்டேன், "பதினாலு நாள்ல கூப்பிடறோம்" என்று சொல்லி அனுப்பினேன். அதன் பிறகுதான் பையை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன்.

"எப்போ தெரியும் உனக்கு?" என்று கேட்டார்.

"இப்பத்தான் மேடம். ஒரு இருபது நிமிஷம்."

 எனக்கு அதில் தவறு எதுவும் தெரியவில்லை. கருமாதி வரைக்கும் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்தேன். யார் என்ன கேட்டாலும் எடுத்துக் கொடுத்தேன். சொந்தக்காரர்கள், "பொண்ணு தைரியமா இருக்கு" என்று பேசிக்கொண்டார்கள்.

வேலைக்குத் திரும்பிய வாரம் மேடம் கேட்டார். "அப்பாவோட ஃப்ளாட் யார் பேர்ல இருக்கு?"

"அப்பா பேர்ல."

"உயில்?"

"எழுதல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப உனக்கும் பங்கு வரும். டைட்டில்ல உன் பேரு ஏறிடுச்சுன்னா நீ அந்தத் தாள்ல கையெழுத்துப் போட முடியாது. ரெண்டு பேரா வாங்கினா ரெண்டு பேருக்கும் முதல் வீடா இருக்கணும்."

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அடுத்தவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அதுவரை அது என் தலையில் ஏறவில்லை. அப்பா அரசாங்கத்திடம் குலுக்கலில் பெற்ற இரண்டு அறை மலிவு விலை வீடு. அதில் எனக்கு வரக்கூடியது ஒரு அறை அளவு இடம்கூட இல்லை. அது வந்தால் மற்றது போய்விடும்.

"நில அலுவலகத்துல பங்கு பிரிக்கிற விசாரணையில என் பங்க விட்டுக்குடுத்துடறேன் மேடம்."

"நீ விட்டுக்குடு. அது உன் இஷ்டம். அம்மாவ விட்டுக்குடுக்க விடாத. நீ தெனம் மத்தவங்களுக்குச் சொல்றதுதான்."

ஆமாம், தினமும் சொல்வதுதான். கணவனை இழந்த பெண்கள் பிள்ளைகளோடு எங்கள் அலுவலகத்துக்கு வருவார்கள். மூத்த மகன் பேசுவான், தாய் நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் தாயிடம் நேராகத் திரும்பி, "ஆன்டி, உங்க பேரு இருக்கட்டும். உங்க பேரு இருந்தா உங்கள கேக்காம யாரும் விக்க முடியாது" என்பேன். மகன்கள் என்னை முறைப்பார்கள். நான் கண்டுகொள்ள மாட்டேன்.

தம்பி ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கேயே வாடகை வீட்டில் இருந்தான். அப்பா போன பிறகு மனைவியோடு செந்தூலுக்கு வந்து அம்மாவுடன் இருக்க ஆரம்பித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனிடம் பேசுவதற்காகவே போனேன். அம்மா சமையலறையில் இருந்தார்.

"என் பங்கு எனக்கு வேணாம்டா. அம்மா பேரும் உன் பேரும் இருக்கட்டும்" என்றேன்.

"எதுக்குக்கா ரெண்டு பேரு? பின்னால ஒவ்வொண்ணுக்கும் அம்மாவ அலைய விடணும். மொத்தமா என் பேர்ல போட்டுடலாம். அம்மா எங்கிட்டதானே இருக்கப் போறாங்க."

"இருந்தாலும் அம்மா பேரு இருக்கறது நல்லது."

அவன் கோபப்படவில்லை. "உனக்கு என் மேல நம்பிக்கை இல்லன்னா விடு. பெஜபாட் தானால பேசிக்கலாம். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லக்கா" என்றான். நில அலுவலகத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

எனக்குத்தான் அவசரம் இருந்தது. விசாரணையில் ஒருவர் மறுத்தாலும் அதிகாரி வேறு தேதி கொடுத்துவிடுவார். அந்தத் தேதி எப்போது வரும் என்பது அவருக்கே தெரியாது. நான் அதற்கு மேல் பேசவில்லை. மனுவும் அவன் சொன்னபடியே போனது. அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார். எங்கள் பேச்சு அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவே ஒரு துணித் திரைதான்.

ஜூலையில் விசாரணைத் தேதி வந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி. பங்கு என் பெயருக்கு வராது என்று முடிவாகாமல் நான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட முடியாது. கணவர் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். நான் நில அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் இருப்பவர் எனக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கம். யாராவது வராமல் போனால் அந்த இடத்தை எங்களுக்குத் தர முடியுமா என்று கேட்டேன். இரண்டு வாரத்தில் கூப்பிட்டார். செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலியாகியிருந்தது.

அதே வாரம் செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுக்க அரசாங்க மருத்துவமனையில் நாள் கொடுத்திருந்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்த நாள். நான் இரண்டையும் நாட்காட்டியில் குறித்தேன். நடுவில் இரண்டு நாள் இருக்கிறது, போதும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அம்மா வலது கண்ணில் பிளாஸ்டிக் மூடியும் அதன் மேல் கறுப்புக் கண்ணாடியுமாக வந்தார். இடது கண்ணிலும் புரை இருந்தது. அதற்கு இன்னும் நாள் வரவில்லை. படிக்கட்டில் நான் ஒரு கையையும் தம்பி ஒரு கையையும் பிடித்துக்கொண்டோம்.

விசாரணை அறை சின்னது. அதிகாரி மெதுவாகப் பேசுகிற மலாய்க்காரப் பெண். முதலில் அப்பாவின் இறப்புச் சான்றிதழைப் பார்த்து, வருத்தம் தெரிவித்தார். தம்பியிடம் விவரம் கேட்டார். பிறகு என்னிடம், என் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதமா என்று கேட்டார். "செத்துஜு" என்றேன். சம்மதம். அலுவலகத்தில் நான் அன்றாடம் மொழிபெயர்க்கிற சொல்தான்.

பிறகு அம்மாவிடம் திரும்பினார். "புவான்" என்று மரியாதையாக அழைத்துத் தொடங்கி, மனைவிக்குச் சட்டப்படி பங்கு உண்டு, அதை முழுவதும் மகனுக்குக் கொடுப்பதாக மனுவில் இருக்கிறது, புரிந்துதான் கொடுக்கிறீர்களா என்று நிறுத்தி நிறுத்தி மலாயில் கேட்டார்.

 அம்மா நான் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "என்னம்மா கேக்கிறாங்க?"

"வீட்டத் தம்பி பேருக்கு மாத்தச் சம்மதமான்னு கேக்கிறாங்க."

"நீ என்ன சொல்ற?"

 தம்பி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதிகாரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத பெண்களிடம் நான் சொல்கிற அந்த ஒரு வரியைச் சொல்ல மூன்று வினாடி போதும். சொன்னால் வேறு தேதி.

"நான் என்னுதக் குடுத்துட்டேன்மா" என்றேன்.

அது பொய் இல்லை. அவர் கேட்டதற்குப் பதிலும் இல்லை.

 அம்மா அதிகாரி பக்கம் திரும்பி, "செத்துஜு" என்றார். கையெழுத்துப் போட வேண்டிய கோடு அவருக்குத் தெரியவில்லை. நான் அவருடைய விரலைப் பிடித்துக் கோட்டில் வைத்தேன்.

பிறகு மூவரும் கீழே கேன்டீனில் தே தாரிக் என்கிற இழுத்த தேநீர் குடித்தோம். அம்மா இனிப்பு அதிகம் என்றார். தம்பி வேறு வாங்கித் தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்று அதையே குடித்து முடித்தார். எனக்குக் குற்ற உணர்வு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு தாடையைத் தொட்டால் அடுத்தவர் தாடை மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. பிற்பகல் அலுவலகத்துக்குப் போய் ஒரு ஒப்பந்தக் கோப்பின் வேலையை முடித்தேன்.

அக்டோபர் தொடக்கத்தில் எங்கள் முறை வந்தது. எங்கள் ஒப்பந்தத்தை நானே தட்டச்சு செய்திருந்தேன். கணவர் துறைமுகத்திலிருந்து சீருடையோடு வந்தார். மேடம் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். சத்தியப் பிரமாணத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"ஃப்ளாட்ல அம்மா பேரு இருக்கில்ல?"

"இல்ல மேடம். மொத்தமா தம்பி பேர்ல."

கணவர் என்னைப் பார்த்தார். அவருக்கும் அது அப்போதுதான் தெரியும். மேடம் தாளை எங்கள் பக்கம் நகர்த்தினார். நாங்கள் அதை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சந்தில் இருக்கும் சத்தியப் பிரமாண ஆணையரிடம் போனோம். வயதானவர். வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "இதுல இருக்கறதெல்லாம் உண்மைதானே?" உண்மைதான் என்றோம். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவர் முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் கணவர், "அம்மாவுக்கு இப்படி ஆகும்னு எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"சொல்லியிருந்தா?"

 கொமுட்டர் ரயில் நிலையம் வரைக்கும் நடந்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை வரவு செலவுத் திட்டம். அலுவலகத்தில் எல்லோரும் மேடத்தின் கணினியைச் சுற்றி நின்றிருந்தார்கள். முதல் வீட்டுச் சலுகை இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குத் தொடரும் என்று அறிவித்தார்கள். யாரோ கைதட்டினார்கள். கையெழுத்துக்கு அவசரப்பட்டுக்கொண்டிருந்த வாடிக்கையாளர்களிடம் சொல்ல வேண்டியிருந்ததால், நான் என் மேசைக்குப் போய் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். "எக்ஸ்டெண்ட் பண்ணிட்டாங்க, நிதானமா வாங்க" என்றேன். ஏழெட்டுப் பேருக்குச் சொன்ன பிறகுதான் பிப்ரவரி என்ற சொல் ஞாபகத்துக்கு வந்தது. எங்களுக்கு முதலில் கிடைத்த தேதி. அதுவே போதுமானதாக இருந்திருக்கும். அம்மாவின் கண் ஆறியிருக்கும். அவர் மறுத்து, இன்னொரு தேதி கொடுத்திருந்தால்கூட நேரம் இருந்திருக்கும். அடுத்த எண்ணை அழுத்தினேன்.

புதிய வீட்டுக்குத் தைப்பூசத்துக்குப் பிறகு குடிபோனோம். பால் காய்ச்சினோம். அம்மா பித்தளை விளக்கு ஒன்று கொண்டுவந்தார். பன்னிரண்டாவது மாடியிலிருந்து பார்த்தால் கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போவது தெரிந்தது. கணவர் அடிக்கடி சுவரைத் தட்டிப் பார்த்தார். நான் அறை அறையாக நடந்தேன். சொந்த வீட்டில் முதல் நாள் எப்படி இருக்கும் என்று வாடிக்கையாளர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சிலர் அழுதார்களாம். எனக்குக் கால் வலித்தது.

அந்த ஆண்டு நடுவில் தம்பியின் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள். அவனும் போனான். தெற்கே ஜொகூரில் வேறு வேலை கிடைத்தது. செந்தூல் ஃப்ளாட்டை விற்கப் போவதாக, அரசாங்கத்தின் ஒப்புதலுக்கு விண்ணப்பித்த பிறகுதான் எனக்குச் சொன்னான். அவனை ஏமாற்றுக்காரன் என்று நான் சொல்ல மாட்டேன். விற்றதில் ஒரு பகுதியை அம்மாவின் கணக்கில் போட்டான். "அங்க ஒரே ரூம்தான்கா. நீ கொஞ்ச நாள் அம்மாவப் பாத்துக்கோ" என்றான். வீட்டை வாங்கியவருக்கு அந்தக் கட்டடத்தில் ஏற்கெனவே இரண்டு வீடுகள் இருந்ததாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்.

அம்மா இரண்டு துணிப் பைகளோடு எங்களிடம் வந்தார். அழவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. நடு அறையை எடுத்துக்கொண்டார். லிஃப்டுக்கு அட்டையைக் காட்ட வேண்டும் என்பதை ஒரே நாளில் பழகிக்கொண்டார். கீழே பாசாருக்குப் போய் கீரை வாங்கிவந்தார். கணவரோடு தொலைக்காட்சி பார்த்தார். அப்பாவைப் பற்றியோ ஃப்ளாட்டைப் பற்றியோ பேசவில்லை. நாங்கள் எல்லோரும் நன்றாகத்தான் இருந்தோம்.

ஒரு சனிக்கிழமை பகலில் இருவரும் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். அம்மா கேட்டார், "இந்த வீடு யார் பேர்ல?"

"ரெண்டு பேர் பேர்லயும்மா."

"நல்லது. பொம்பளைக்குப் பேரு இருக்கணும்."

நான் கத்தியை வைத்துவிட்டேன். "அன்னைக்கு உங்க பேரையும் வெக்கச் சொல்லியிருக்கணும்மா. நான் சொல்லல. சொன்னா தேதி தள்ளிப் போயிடும்னு."

"தெரியும்" என்றார். "அந்த மலாய்க்காரம்மா கேட்டது எனக்குப் புரிஞ்சுது. நாப்பது வருஷம் பாசார்ல மலாய்தானே பேசறேன்."

"அப்புறம் ஏன் எங்கிட்டக் கேட்டீங்க?"

"நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான்."

அவர் குரலில் கோபம் இல்லை. காயைத் தொடர்ந்து நறுக்கினார். நானும் கத்தியை எடுத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அடுத்த காயை எடுத்தேன். அம்மா எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

இப்போது மறுபடியும் சலுகையின் கடைசித் தேதியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். இதைத் தொடரலாமா என்று வழக்கறிஞர்களிடம் அரசாங்கத்தில் கருத்துக் கேட்டிருக்கிறார்களாம். மேடம் பதிலைச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். நிறுத்திவிடலாம், அந்தப் பணத்தில் வாடகை வீடுகள் கட்டலாம் என்று தொடங்கினார். பாதியில் நிறுத்தினார்.

"நீ என்ன நினைக்கிற? உனக்குக் கிடைச்சுதே."

என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. அது இல்லாவிட்டால் நாங்கள் இன்னும் வாடகை வீட்டில் இருந்திருப்போம். அது இருந்ததால்தான் நான் அந்த அறையில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டையும் அவரிடம் சொன்னேன். 

"சரி, அப்போ இருக்கணுமா, வேணாமா?"

"இருக்கட்டும் மேடம். அந்த 'வாரிசாகவோ'ங்கறத மட்டும் எடுக்கச் சொல்லுங்க. அப்பா அம்மா விட்டுட்டுப் போனத வீடு வாங்கினதா எண்ணக் கூடாது. கடைசித் தேதி வைக்காதீங்கன்னும் எழுதுங்க."

"நான் எழுதறது வேற, நீ சொல்றது வேற."

"ரெண்டையும் போடலாம் மேடம்."

 அவர், "கடைசிப் பாராவா போடு. அலுவலக ஊழியர் ஒருவரின் கருத்துன்னு" என்றார். நான் போட்டேன். நான்கு வரி வந்தது. மேடம் படித்துப் பார்த்து ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார். அன்று மதியமே அனுப்பிவிட்டோம். வந்து சேர்ந்தது என்று ஒரு வரிப் பதில் மட்டும் வந்திருக்கிறது.